மங்கை அக்கா வண்டியை விட்டு இறங்கிய மாலை

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மங்கை அக்காவின் கணவர் சுந்தரம் அண்ணன் அழைத்தபோது நான் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எதிரே ராமநாதபுரத்துக்காரர் ஒருவர், குவாரியில் வேலை செய்பவர், இடுப்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். அண்ணன், "ரேவதி, மங்கை போயிட்டாம்மா" என்றார். நான் போனை வைத்ததும் எதிரே நின்றவர், "மங்கை மேடம் லீவு முடிஞ்சு எப்பம்மா வருவாக? அவுக கை பட்டாத்தான் இந்த வலி கேக்கும்" என்றார்.

திருமதி மங்கையர்க்கரசி சுந்தரம் அவர்கள் அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் எங்கள் கிளினிக்கில் பல ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றியவர். சொந்த ஊர் கரூர். சிமெண்ட் ஆலையிலும் கல் குவாரியிலும் முதுகு ஒடிய வேலை செய்யும் நம் ஆட்களில் பாதிப் பேரை நிமிர்ந்து நடக்க வைத்தவர் அவர். அவரை அறியாதவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களைத் திரட்டிக்கொண்டு தெற்கு ஆப்பிரிக்கக் காடுகளுக்கு அழைத்துச் செல்வார். அப்படி ஒரு பயணத்தில்தான், இந்த ஆகஸ்டில், ஒரு யானை அவரைத் தாக்கியது.

அவர் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோதே இங்கே வாட்சப்பில் கதை ஓட ஆரம்பித்துவிட்டது. "செல்ஃபி எடுக்க இறங்கினாங்களாம்." அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள், அழும் பொம்மைகள். "படிச்சவங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று பக்கத்து அஜ்மானில் ஏசிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் உபதேசம் வேறு. அன்று மாலை அக்காவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவள் நான். இறந்துபோனவருக்கு நல்ல பெயர் ஒன்றுதான் மிச்சம். அதையும் எவரோ போகிற போக்கில் பிடுங்கிக்கொண்டு போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் இதை எழுதுகிறேன்.

சுந்தரம் அண்ணன் ஒரு காலத்தில் போட்ஸ்வானாவின் பிரான்சிஸ்டவுனில் கணக்காளராக இருந்தார். அங்கேதான் அக்காவுக்குக் காட்டுப் பித்துப் பிடித்தது. மற்றப் பெண்கள் வார இறுதியில் ஒருவர் வீட்டில் ஒருவர் பிரியாணி செய்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் தயிர்சாதத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாராம். "எங்க வீட்டுக்காரர் கூட வர்றேன்னு சொல்லி வண்டியில தூங்குவாருங்க. நான் ஒருத்தியே முழிச்சு உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்குவேன்" என்று சிரிப்பார். ராஸ் அல் கைமாவுக்கு வந்த பிறகும் அந்தப் பித்து போகவில்லை. தேநீர் இடைவேளையில் குவாரிக்காரர்கள் வெட்டித் தின்றுகொண்டிருக்கும் மலையை ஜன்னல் வழியே பார்த்தபடி, போட்ஸ்வானாவின் ஓக்கவாங்கோ ஆற்றுச் சதுப்பில் இந்நேரம் தண்ணீர் எது வரை வந்திருக்கும் என்று பேசுவார்.

நான் முதல்முறை அவரோடு போனது தென்னாப்பிரிக்காவின் குரூகர் வனவிலங்குப் பூங்காவுக்கு. வாடகைக்கு எடுத்த மூன்று வண்டிகள். நுழைவாயிலுக்கு முன்னால் எங்கள் கூட்டத்துச் செந்தில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, எல்லாச் சக்கரத்துக்கும் ஒன்று வைத்து, சூடம் காட்டி, வண்டியை ஏற்றி நசுக்கினார். வாயிற்காவலர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பொறுமையாக எல்லாம் முடியட்டும் என்று நின்றார்.

"பூசை ஆச்சுங்களா தம்பி? மிச்சப் பழத்தை எல்லாம் எடுத்து அந்தக் குப்பைத்தொட்டியில போடுங்க. ஒன்னு விடக்கூடாது."

"எதுக்குக்கா? ஜூஸ் போட்டுக் குடிக்கலாமே?"

"யானை மோந்துச்சுன்னா உங்க வண்டிய முறுக்கு ஒடிக்கற மாதிரி ஒடிச்சுப்போடும். நீங்க உள்ள இருக்கறீங்களா இல்லையான்னெல்லாம் அது பாக்காதுங்க."

நாங்கள் சிரித்தோம். அன்று மதியம் தங்குமிடத்தில் ஒரு வெள்ளைக்காரர் தன் வண்டியைக் காட்டினார். வேறொரு காட்டில் ஆரஞ்சுப்பழப் பை ஒன்றை உள்ளே வைத்திருந்தாராம். பின்கதவு முழுவதும் உரிந்து தொங்கியது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அக்கா அப்போது சொன்னதை நான் மறக்க மாட்டேன்: "நம்ம ஊரு யானை பாகன் சொன்னாக் கையத் தூக்கும் கண்ணு. இதுக்குப் பாகன் கிடையாது. நம்ம சாமியும் இதுக்குத் தெரியாது, நம்ம பேரும் தெரியாது."

அடுத்த ஆண்டு கலஹாரிக்குப் போனோம். செம்மணல், காய்ந்த புல், காதுக்கு எட்டிய வரை ஒரு சத்தமும் இல்லை. செந்திலுக்கு அவசரம். அந்தப் புதர்ப் பக்கம் ஒதுங்கி ஒரே நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று கதவில் கைவைத்தார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு காலி பாட்டிலைப் பின்னால் நீட்டினார். வண்டியே அதிரும்படி எல்லோரும் கேலி செய்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், செந்தில் கைகாட்டிய அதே புதரிலிருந்து ஒரு பெண்சிங்கம் எழுந்து சோம்பல் முறித்தது. எங்களைப் பார்த்தது. பிறகு மறுபடி படுத்துக்கொண்டது. படுத்ததும் அது அங்கே இருப்பதே தெரியவில்லை.

"பயமில்லாதவங்களை நான் கூட்டிட்டு வர மாட்டேன்" என்பார். வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்பதுதான் அவருடைய முதல் சட்டம், கடைசிச் சட்டமும் அதுதான். நமீபியாவில் எத்தோஷா காட்டின் வெள்ளை உப்புவெளி ஓரத்தில் என் தொப்பி காற்றில் பறந்தபோதுகூட இறங்க விடவில்லை. நாலடி தூரத்தில் கிடந்த தொப்பியை விட்டுவிட்டு வந்தோம். இப்படிப்பட்டவர் செல்ஃபிக்கு இறங்கினாராம்!

இந்த ஆண்டு ஆரம்பத்திலிருந்தே அவருக்கு மனது சரியில்லை. அந்தப் பக்கம் மழை பொய்த்துவிட்டதாகப் பிரான்சிஸ்டவுன் நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்து, "இந்த வருசம் வேண்டாமுங்க. தண்ணி இல்லாத காடு நல்லதில்ல. இன்னொரு வருசம் பாத்துக்கலாம்" என்றார். நாங்கள் விடவில்லை. லீவு வாங்கியாயிற்று, டிக்கெட் போட்டாயிற்று என்று ஆளுக்கொன்று சொன்னோம். அப்போதும் அவர் அசையவில்லை. அவரை அசைத்தது பெரியவர்தான்.

பெரியவர் என்றால் குவாரியில் இன்ஜினியராக இருக்கும் பிரபுவின் அப்பா வைத்திலிங்கம் ஐயா. கும்பகோணத்துக்காரர், விசிட் விசாவில் மகனிடம் வந்திருந்தார். தீவிரப் பிள்ளையார் பக்தர். முழங்கால் தேய்ந்துபோய் தோப்புக்கரணம் போட முடியவில்லை என்பதுதான் அவருடைய பெரிய குறை. அக்காதான் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்து எழ வைத்தார். முதல் தோப்புக்கரணம் போட்ட அன்று ஐயா கிளினிக்கில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார். அவர்தான் அன்று அக்கா வீட்டுக் கூட்டத்தில் எழுந்து, "சங்கிலி போடாத யானையை உசுரோட இருக்கும்போது ஒரு தடவை பாத்துடணும்மா. அடுத்த வருஷம் நான் இருப்பேனோ என்னமோ" என்றார். அக்கா அவரைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தார். பிறகு, "சரிங்க ஐயா" என்றார்.

போட்ஸ்வானாவின் வடக்கே இருக்கும் ஒரு காப்பகம். அதன் பெயர் வேண்டாம், காட்டின் மேல் குற்றம் இல்லை. உள்ளே நுழைந்தபோதே அது நான் அறிந்த காடாக இல்லை. மொப்பானே மரங்கள் இலை உதிர்த்து விறகுக்கட்டாக நின்றன. பெருத்த பாவோபாப் மரங்களின் பட்டையை யானைகள் தின்று தீர்த்திருந்தன. பாதையோரம் ஒரு எருமை, தோலும் கொம்புமாகக் கிடந்தது. அதைத் தின்னக்கூட கழுகுகளுக்கு அவசரம் இல்லை, கிளையில் வயிறு புடைக்க உட்கார்ந்திருந்தன. காற்றில் ஒரு வாடை. கண்ணாடியை ஏற்றினாலும் போகவில்லை. எதிரே வந்த காவலர் வண்டியை நிறுத்தி அக்காவிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். "என்னக்கா சொல்றார்?" என்று கேட்டேன். "யானைக்கு இந்த வருசம் கோவம் சாஸ்தியாம்" என்று மட்டும் சொல்லி வண்டியை எடுத்தார்.

அதிலிருந்து அவர் அதிகம் பேசவில்லை. வழக்கமாக ஒவ்வொரு பறவைக்கும் ஒரு கதை சொல்பவர், பாதையையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். சாப்பாட்டைக்கூட வண்டிக்குள்ளேயே முடிக்கச் சொன்னார். கூட்டத்தில் கேலிப் பேச்சு நின்றுவிட்டது. அக்கா பயப்படுகிறார் என்பதை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். மறுநாள் காலை முதல் வேலையாகக் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தோம்.

அன்று மகா சங்கடஹர சதுர்த்தி. ஐயா காலையிலிருந்து விரதம். இரவு சந்திரன் வந்து, பூஜை முடித்துத்தான் சாப்பாடு. பச்சைத் தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் போடவில்லை. வெயில் தாழ்ந்த நேரத்தில், தங்குமிடத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு நீர்நிலை. மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கிறார்கள், அதுவும் கசிவாகத்தான் வந்தது. முன்னால் அக்காவின் வண்டி, அதில் நானும் என் கணவரும். பின்னால் பிரபுவின் வண்டி, அதில் அவருடைய மனைவியும் ஐயாவும். தண்ணீர் ஓரம் நின்ற யானைக் குடும்பம் ஒன்று, குட்டிகளை நடுவில் விட்டுக்கொண்டு, திடீரென்று விலகிப் போனது. மான்களும் போயின. அவ்வளவு தாகத்தோடு வந்தவை ஏன் குடிக்காமல் போகின்றன என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு மரங்களுக்கிடையிலிருந்து அந்தக் கொம்பன் வந்தது. தனியாக வந்தது. ஒரு தந்தம் பாதியில் முறிந்திருந்தது. கண்ணுக்குப் பின்னாலிருந்து தாடை வரை கறுப்பாக ஈரம் வழிந்திருந்தது.

"மதம்" என்றார் அக்கா, வாய்க்குள்ளேயே. "ரேவதி, அசையாதே. வாக்கி டாக்கியில பிரபுகிட்ட சொல்லு. மெதுவா, ரொம்ப மெதுவா பின்னால எடுக்கோணும்."

நான் பொத்தானை அழுத்துவதற்குள் பின்வண்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். ஐயா இறங்கி நின்றிருந்தார். செருப்பை வண்டியிலேயே கழற்றிவிட்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டார். பிறகு காதுகளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் புழுதியில், தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார்.

யானை நின்றது. தும்பிக்கையை மேலே தூக்கியது. அது எங்களை மோப்பம் பிடிக்கிறது என்று வண்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும், அக்கா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஐயாவுக்கு அது கும்பேசுவரர் கோயில் வாசலில் ஆயிரம் முறை பார்த்த காட்சி. "விநாயகா! ஆசீர்வாதம் பண்றியாப்பா!" என்று கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, ஒரு அடி முன்னால் வைத்தார். பிரபு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கல்லாகிவிட்டார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அக்கா கதவைத் திறந்தார். நான் அவர் துப்பட்டாவைப் பிடித்தேன். "நீ உக்காரு" என்று என் கையை விலக்கிவிட்டு இறங்கினார்.

ஓடவில்லை. கிளினிக்கில் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போவதுபோல நடந்து போனார். ஐயாவின் முழங்கைக்கு அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை. அவர் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. "கும்பிட்டது போதுங்க ஐயா. வாங்க. திரும்ப வேண்டாம், அப்படியே பின்னால வைங்க. இந்தக் கால். ம். இப்ப அந்தக் கால்." நோயாளிகளிடம் தினமும் சொல்லும் அதே வார்த்தைகள், அதே குரல். ஐயா குழந்தை மாதிரிக் கேட்டார். வண்டியை அடைந்ததும் அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். அக்கா இன்னும் வெளியேதான் நின்றார்.

யானை பிளிறவே இல்லை. அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. காதுகளை ஒடுக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, அவ்வளவு பெரிய உடம்பு சத்தமே இல்லாமல் வந்தது. அது மோதிய வேகத்தில் பிரபுவின் வண்டி பக்கவாட்டில் நகர்ந்து ஒரு மரத்தில் போய் முட்டியது. புழுதி அடங்கியபோது யானை தண்ணீர் ஓரம் நின்று குடித்துக்கொண்டிருந்தது. எதுவும் நடக்காததுபோல வெகுநேரம் குடித்தது. அது போகும் வரை எங்களால் அக்காவிடம் போக முடியவில்லை.

காவலர்கள் வந்தார்கள், சிறிய விமானம் வந்தது, அக்காவை ஜோகன்னஸ்பர்க்குக் கொண்டு போனார்கள். சுந்தரம் அண்ணன் இங்கிருந்து பறந்து போனார். நாங்கள் டூட்டிக்குத் திரும்பினோம். அதன் பிறகு வந்தது நான் முதலில் சொன்ன அழைப்பு.

செல்ஃபிக் கதையை யார் கட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிரபு அதை மறுக்கவில்லை. ஒரு நாள் கிளினிக்குக்கே வந்து, "ரேவதி அக்கா, அப்பாவுக்கு ஏற்கெனவே இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு. அவர் இறங்கினதாலதான்னு ஊரே பேச ஆரம்பிச்சா தாங்க மாட்டாரு. இது இப்படியே போகட்டுமே. எப்படியும் மங்கை அக்கா திரும்பி வரப்போறதில்லையே" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அவரை அறைந்திருப்பேன். பயந்துபோன ஒரு மகனின் முகம் எதிரே நின்றது, அதனால் விட்டேன். "நான் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டேன் பிரபு. இரங்கல் கூட்டத்துல பேசுவேன்" என்று மட்டும் சொன்னேன்.

கரூரில் காரியங்கள் முடிந்து சுந்தரம் அண்ணன் திரும்பியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரங்கல் கூட்டம் வைத்தோம். கிளினிக் ஆட்கள், குவாரிக்காரர்கள், குடும்பங்கள். தொழிலாளர் கேம்ப் பஸ்ஸில் வேலை உடுப்போடு நேராக வந்தவர்களும் உண்டு. முதலில் பேசியவர் அக்காவை "சாகச விரும்பி" என்றார். "சற்று எச்சரிக்கையாக இருந்திருக்கலாம்" என்று இழுத்தார். சுந்தரம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்தேன். அதற்குள் வாசலில் ஒரு குரல்.

"இறங்கினது நான்."

ஐயா டாக்ஸி பிடித்துத் தனியாக வந்திருந்தார். ஆளே பாதியாக இளைத்திருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார். "சாமின்னு நெனச்சு நான்தான் இறங்கினேன். அந்தப் பொண்ணு என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் இறங்குச்சு. செல்ஃபிங்கிறீங்களே, அது கையில போன் இல்லைய்யா. என் முழங்கைதான் இருந்துச்சு. எல்லாரும் தெரிஞ்சுக்குங்க. எழுதறவங்க என் பேரைப் போட்டே எழுதுங்க."

பிரபு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஐயா மெதுவாக என் பக்கம் வந்தார். "அன்னைக்கு அந்தப் பொண்ணு தலையை நீதானேம்மா மடியில வச்சிருந்தே. என்னைப் பத்தி ஏதாவது சொல்லுச்சா? திட்டியிருந்தாலும் பரவாயில்லை, மறைக்காம சொல்லு."

நான் சொன்னேன். விமானத்துக்காகக் காத்திருந்தபோது அக்கா ஒரே ஒரு முறை கண் திறந்தார். "சந்திரன் வந்தாச்சா ரேவதி? ஐயா காலையில இருந்து பட்டினி. ஏதாச்சும் சாப்பிடச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

ஐயா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். யானை தாக்கிய நாளிலிருந்து அவர் ஒரு வேளைகூடச் சரியாகச் சாப்பிடவில்லை என்று மருமகள் சொன்னாள். சுந்தரம் அண்ணன் எழுந்து போய், கூட்டத்துக்கென்று வரவழைத்திருந்த சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்தார். ஐயாவின் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார். ஐயா முதல் கவளத்தை எடுக்கும் வரை அப்படியே காத்திருந்தார். குவாரிக்காரர்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள்.

அக்கா, பெரியவர் சாப்பிட்டுவிட்டார். நிம்மதியாகப் போய் வாருங்கள்.